கொடைக்கானலில் ‘ஏரி தெரியும் அறை’: ஒரு தேனிலவுப் பயண அனுபவம்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்து, திருமணம் முடித்துக் கொடைக்கானலில் சில நாள் தங்க நினைக்கும் இளம் தம்பதியருக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது, இணையத்தில் ‘ஏரி தெரியும் அறை’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி முழுப் பணத்தையும் கட்டிவிடாதீர்கள் என்பதே.

சுவிட்சர்லாந்தில் தூன் ஏரிக்குப் பக்கத்தில் பல ஆண்டுகளாக வாழ்கிறேன். தை மாதம் மதுரையில் திருமணம் என்று முடிவானதும் தேனிலவுக்குக் கொடைக்கானல்தான் என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை. பள்ளி விடுமுறையில் வத்தலக்குண்டு வழியாகப் பேருந்தில் ஏறி, வளைவுகளில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போய், பெருமாள்மலையில் குளிர் முகத்தில் அடித்ததும் அம்மா பையிலிருந்து குல்லாவை எடுத்து மாட்டிவிட்ட மலை அது. அந்நாளில் நாங்கள் தங்கியது பேருந்து நிலையத்தை ஒட்டிய சிறு விடுதியில்; ஏரி நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரும் இடமாக இருந்தது. இம்முறை காலையில் கண் விழித்தால் ஏரி தெரிய வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் இருந்த ஒரே ஆசை. அந்த ஆசைக்காகவே சாதாரண அறையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு வாடகை கொடுத்தோம்.

அறைக்குள் நுழைந்ததும் என் மனைவி திரைச்சீலையை விலக்கினார். ஜன்னலுக்கு வெளியே, கையை நீட்டினால் தொட்டுவிடும் தொலைவில், மண்சரிவைத் தடுக்கக் கட்டிய கருங்கல் சுவர் பாசி படிந்து நின்றது. அதன் காலடியில் ஒரு ஜெனரேட்டர். கட்டிலில் மட்டும் ரோஜா இதழ்களைக் கொட்டி இதய வடிவம் செய்து வைத்திருந்தார்கள். வரவேற்பில் இருந்த இளைஞரிடம் ஏரி எங்கே என்று கேட்டதற்கு, “பக்கத்துலதான் சார், நடந்தா அஞ்சு நிமிஷம்” என்றார். அறையிலிருந்து தெரிய வேண்டுமே என்றேன். “மொட்டை மாடிக்குப் போனா நல்லாத் தெரியும் சார்” என்றார். அவர் குரலில் துளியும் அலட்சியம் இல்லை. உண்மையிலேயே உதவுவதாகத்தான் அவர் நினைத்தார், என்னை மிகவும் வருத்தியதும் அதுதான்.

பிறகு வந்த மேலாளர் விளக்கம் சொன்னார். விளம்பரத்தில் இருக்கும் படம் மேல்தளத்து அறையில் எடுத்ததாம். அதுவும் பக்கத்து மனையில் புதுக் கட்டடம் எழும்புவதற்கு முன்னால் எடுத்ததாம். பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்டபோது, முன்பதிவு நிறுவனத்திடம் கேளுங்கள் என்றார். நிறுவனத்தைத் தொலைபேசியில் பிடித்தால், விடுதி ஒப்புதல் தந்தால்தான் முடியும் என்றார்கள். இந்த அலைச்சலிலேயே முன்பகல் கழிந்தது. இறுதியில் மேலாளர், மனம் இரங்கித்தான் சொல்லியிருக்க வேண்டும், இரவு உணவை மெழுகுவத்தி வெளிச்சத்தில் இலவசமாகத் தருவதாகவும் கேக் ஒன்று தருவதாகவும் சொன்னார். நாங்கள் கேட்டது கேக் அல்ல.

தூன் ஏரிக்கரையில் சின்னஞ்சிறு விடுதிகூடத் தன் விலைப்பட்டியலில் ஏரிப்பக்க அறை, மலைப்பக்க அறை என்று தனித்தனியாகப் போடுகிறது. மரக்கிளை மறைத்து ஏரி பாதிதான் தெரியும் என்றால் அதையும் எழுதிவிடுகிறார்கள். மலைப்பக்க அறைக்கும் ஆள் வருகிறார்கள், விலை குறைவு என்பதால் மகிழ்ச்சியோடு வருகிறார்கள். அங்கே வாழ்ந்து பழகிய கண்ணுக்கு, விருந்தோம்பலில் யாருக்கும் சளைக்காத நம் ஊரில் இந்த ஒரு வரி உண்மையை எழுதத் தயங்குவது தாங்க முடியாததாக இருக்கிறது.

கொடைக்கானலில் இந்தக் குழப்பம் எளிதில் நேர்வதற்கு அந்த ஏரியின் அமைப்பும் ஒரு காரணம். மதுரை ஆட்சியராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச், 1863இல் ஓடைகளுக்குக் குறுக்கே கரை எழுப்பி உருவாக்கிய ஏரி அது. தூத்துக்குடியிலிருந்து முதல் படகை மலையேற்றிக் கொண்டுவந்தவரும் அவரே. பள்ளங்களில் எல்லாம் நீர் புகுந்ததால் நட்சத்திரம் போலக் கைகள் நீட்டிக் கிடக்கிறது. ஆகவே கரையை ஒட்டிய விடுதியாகவே இருந்தாலும், ஒரு கையின் நுனியில் அமைந்துவிட்டால் குறுகிய நீர்ப்பட்டை மட்டுமே கண்ணில் படும். முழு வடிவத்தையும் பார்க்க வேண்டுமானால் மேலே உள்ள ஏரிக் காட்சிமுனைக்குத்தான் போக வேண்டும். மலை விளிம்பு நடைபாதையான கோக்கர்ஸ் வாக் பக்கத்து விடுதிகளில் அருமையான பள்ளத்தாக்குக் காட்சி உண்டு, ஆனால் ஏரி கிடையாது. ஊருக்கு வெளியே உள்ள வட்டக்கானல் சிற்றூரில் மலையும் பனியும் அமைதியும் கிடைக்கும், ஏரிக்கு வண்டி பிடித்துத்தான் வர வேண்டும். இவை எல்லாமே இணையத்தில் ‘ஏரிக்கு அருகில்’ என்ற ஒரே பெயரில் கிடக்கின்றன.

எங்களை மீட்டவர் மதுரையிலிருந்து வண்டி ஓட்டி வந்த தம்பிதான். “படத்தப் பாத்து ரூம் போடாதீங்கண்ணே, ஆளப் பாத்துப் போடுங்க” என்று சொல்லிவிட்டுத் தனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். ஏரியின் ஆரவாரமில்லாத மறுகரைக்கு மேலே, சரிவில் நிற்கும் பழைய ஓட்டு வீடு அது. வீட்டுக்கார அம்மா இரண்டு அறைகளை மட்டும் வாடகைக்கு விடுகிறார். நாங்கள் கேட்காமலே அறை ஜன்னலில் நின்று எடுத்த வீடியோவை அனுப்பினார். அதில் பேரிக்காய் மரங்களுக்கு நடுவே ஏரி தெரிந்தது, முழுதாக இல்லை, ஆனால் தெரிந்தது. பிறகு அவரே அழைத்து, “மூணு மணிக்கு மேல பனி இறங்கிட்டா ஏரியே தெரியாதும்மா, ஹீட்டரும் ஒண்ணுதான் இருக்கு, அதுக்குச் சம்மதம்னா வாங்க” என்று என் மனைவியிடம் சொன்னார். வாடகையை அதற்குப் பிறகுதான் சொன்னார். நாங்கள் முன்பு கட்டியதில் பாதிகூட இல்லை. காலையில் விறகு பாய்லரில் வெந்நீர் போட்டு வாளியில் கொண்டுவந்து வைத்தார். தூன் நகரத்துக் குழாயில் நாள் முழுதும் வரும் வெந்நீருக்கு இல்லாத ஒரு சுகம் அதில் இருந்ததை நான் மறைக்க விரும்பவில்லை.

ஆகவே போகிறவர்கள் விடுதியைத் தொலைபேசியில் அழைத்து அறை எண்ணைக் கேளுங்கள். அந்த அறையின் ஜன்னலிலிருந்து அன்றைக்கே எடுத்த வீடியோவை அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள். படகுத்துறையை ஒட்டிய அறையில் ஏரி நன்றாகத் தெரியலாம், ஆனால் விடுமுறை நாள்களில் வண்டிகளின் ஹாரன் ஓயாது. மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதத்தில் புதுமணத் தம்பதியருக்கு அந்தப் பக்கம் சற்றும் ஏற்றதல்ல. கூட்டமே வேண்டாம் என்று பேரிஜம் ஏரியை நினைப்பவர்கள், அங்கே வனத்துறை அனுமதியோடு பகலில் போய்வரத்தான் முடியும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 2024 மே முதல், வெளியூர் வண்டியில் மலை ஏற இணையத்தில் பெறும் இ-பாஸ் என்ற அனுமதிச்சீட்டு வேண்டும். வெளிநாட்டுத் தொலைபேசி எண் வைத்திருப்பவர்கள் மின்னஞ்சல் வழியாகவே பதிவு செய்துகொள்ளலாம்.

முதல் விடுதியில் கட்டிய பணத்தில் ஒரு நாள் வாடகை மட்டும், பல மின்னஞ்சல்களுக்குப் பிறகு திரும்பி வந்தது. எங்கள் அறை ஜன்னலில் நின்று நான் எடுத்த கருங்கல் சுவரின் படத்தை முன்பதிவு நிறுவனத்துக்கும் விடுதிக்கும் அனுப்பி, விளம்பரப் படத்தை மாற்றும்படி கேட்டிருக்கிறேன். இதை எழுதும் நாள் வரை பழைய படமே இருக்கிறது.