பெரிய பிரேக் கிட் போட்டால் டிஸ்க் கோணாதா? குன்னூர் மலைப்பாதையில் நீண்ட நாள் அனுபவம்

என் காரின் முன்சக்கரங்களுக்குப் பெரிய பிரேக் கிட், அதாவது சக்கரத்தோடு சுழலும் பெரிய இரும்புத் தட்டும் (டிஸ்க்) அதைப் பேடு என்னும் உராய்வுக் கட்டைகளால் இருபுறமும் கவ்வும் கேலிப்பரும், பொருத்தி இரண்டு சீசன்களும் அவற்றைத் தொடர்ந்த மழைக்காலங்களும் கடந்துவிட்டன. அதே மாடலை வைத்திருக்கும் கோத்தகிரி நண்பர், அந்தக் கிட்டின் விலை இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டுச் சென்ற வாரம் கேட்டார்: "அண்ணா, நீங்க போட்ட கிட்டையே நானும் போட்டுட்டா இந்த டிஸ்க் பெண்ட் ஆகுற தொல்லை தீர்ந்துடும்ல?" தீரும் என்று சொல்ல மனம் வரவில்லை, வாங்கியது வீண் என்று சொல்வதும் நியாயமாகாது. அவருக்குச் சொல்ல வேண்டியதை முழுமையாக எழுதிவிடுகிறேன். கார் இருநூறு குதிரைத்திறனைத் தாண்டிய டர்போ பெட்ரோல் செடான், இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் என்பதற்கு மேல் அறிமுகம் தேவையில்லை.

தொல்லை என்னவென்று இந்த வகைக் கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். மலையில் இறங்கும்போது ஒன்றும் தெரியாது, ஏனென்றால் அங்கே வேகம் நாற்பதைத் தாண்டுவது அரிது. மேட்டுப்பாளையம் கடந்து காரமடைப் பக்கம் தொண்ணூறில் போய்க்கொண்டிருக்கும்போது முன்னால் ஒரு பேருந்து நிற்க, பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் இரண்டு கைகளுக்குள்ளும் படபடவென்று நடுங்கும், பெடல் பாதத்தின் அடியில் துடிக்கும். வேகம் ஐம்பதுக்குக் கீழே வந்ததும் நடுக்கம் அடங்கிவிடும்.

இதைச் சொல்லிக்கொண்டு போனால் ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் பதில் எப்போதும் ஒன்றுதான்: டிஸ்க் பெண்ட் ஆகிவிட்டது, லேத்தில் கொடுத்துக் கடைந்துவிடலாம், இல்லையென்றால் புதிது போட்டுவிடலாம். கடைந்தார்கள், சில மாதங்கள் சரியாக இருந்தது. புதிது போட்டார்கள்; அதுவும் சில மாதங்கள்தான். பில் தொகை ஒவ்வொரு முறையும் ஏறியதே தவிர, டிஸ்க் எந்த அளவுக்குக் கோணியிருக்கிறது என்று ஒருவரும் அளந்து காட்டவில்லை. கோணல் என்பது அளக்கக்கூடிய விஷயம். அளக்காமலேயே பொருளை மாற்றிக்கொண்டே போகும் அந்த வழக்கத்தின் மீது எனக்கு இன்றும் கோபம் தணியவில்லை.

மலை இறங்கும் கார் எவ்வளவு சூட்டைச் சமாளிக்கிறது என்பதைக் கணக்காகப் பார்த்தபோதுதான் பெரிய பிரேக் பற்றிய எண்ணம் எனக்கு வந்தது. குன்னூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் முந்நூறு சொச்சம். இடையில் ஏறக்குறைய 1,500 மீட்டர் இறக்கம். ஆட்களோடு 1,700 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும்போது விடும் ஆற்றல் சுமார் 25 மெகாஜூல். அதே கார் சமதளத்தில் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு முறை முழுமையாக நிற்பதற்கு 0.65 மெகாஜூலைத்தான் சூடாக மாற்ற வேண்டும். அதாவது ஒருமுறை மேட்டுப்பாளையம் இறங்குவது, நூறிலிருந்து ஏறத்தாழ 38 முறை நிறுத்துவதற்குச் சமம். இன்ஜினும் காற்றும் டயர் உராய்வும் இதில் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சம் முழுவதும் டிஸ்க்கிலும் பேடிலும் இறங்கும். இரண்டாம் கியரில் இறக்குபவருக்கு அந்த மிச்சம் சிறியது. டி-யில் (டிரைவ்) போட்டுவிட்டு வளைவுக்கு வளைவு பிரேக்கை மட்டும் நம்புபவருக்கு அது மிகப் பெரியது. இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் தன்போக்கில் விட்டால் மேல்கியரைத் தேடிப் போகும் குணமுடையது. மேனுவலில் வைத்துக் கீழ்கியரில் பிடித்துக்கொள்வது இங்கே கட்டாயம். தலைகுந்தாவிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

கிட்டைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்கிறேன். பழைய டிஸ்க் 312 மில்லிமீட்டர், ஒற்றைப் பிஸ்டன் கேலிப்பர். புதியது 340 மில்லிமீட்டர், நான்கு பிஸ்டன். டிஸ்க்கின் எடை கூடும்போது அதே சூட்டுக்கு அதன் வெப்பநிலை ஏறும் அளவு குறைகிறது; உள்ளே காற்றோடும் இடைவெளி பெரிதானதால் ஆறுவதும் விரைவு. பர்லியார் தாண்டி வாழையும் பாக்குமாக வெக்கை முகத்தில் அடிக்கத் தொடங்கும் இடத்தில், முன்பெல்லாம் பெடல் ஒரு விரற்கடை கீழே இறங்கியிருக்கும், கருகல் வாடை கண்ணாடி வழியாக உள்ளே வரும். இப்போது குன்னூர் பஸ் ஸ்டாண்டில் இருந்த அதே உயரத்தில் பெடல் மலையடிவாரக் கல்லாறு வரை நிற்கிறது. பெற்றோரைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு இறங்கும் ஒருவனுக்கு அந்த நிம்மதி எவ்வளவு பெரியது என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே மிதியில் கார் நிற்கும் தூரம் இதனால் குறைந்துவிடாது. அதைத் தீர்மானிப்பது டயரின் பிடிப்பு. பழைய பிரேக்கும், சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும் அளவுக்குச் சக்கரத்தைப் பிடிக்கத்தான் செய்தது.

இவ்வளவும் இருந்தும் அந்த நடுக்கம் திரும்பி வந்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் கொடுத்துப் பொருத்திய டிஸ்க், முதல் மழைக்காலம் முடிந்ததும் காரமடைச் சாலையில் அதே பழைய படபடப்பைக் காட்டியது.

உண்மையான காரணத்தைக் கோயம்புத்தூரில் ஒரு சிறிய பட்டறையில்தான் பார்த்தேன். அந்த மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கை நட்டுப் போட்டு இறுக்கி, டயல் கேஜ் என்னும் நுண்ணளவுக் கருவியின் முனையை டிஸ்க்கின் விளிம்புக்குச் சற்று உள்ளே வைத்து, கையால் மெதுவாகச் சுற்றினார். முள் ஒரு சுற்றில் 0.11 மில்லிமீட்டர் போய்த் திரும்பியது. பல தயாரிப்பாளர்கள் அனுமதிப்பது 0.05 அல்லது அதைச் சற்றே ஒட்டிய அளவு. பிறகு டிஸ்க்கைக் கழற்றி, அது உட்காரும் ஹப்பின் (சக்கரத்தைத் தாங்கும் மையப்பகுதியின்) முகத்தைக் காட்டினார். நட்டுத் துளைகளைச் சுற்றிப் பொருக்குப் பொருக்காகத் துரு, நகத்தால் சுரண்டினால் செதிலாக உதிர்ந்தது. குன்னூரின் மூடுபனியிலும் ஈரத்திலும் வருடக்கணக்கில் ஏறிய துரு அது. கம்பிப் பிரஷ்ஷாலும் எமரித் தாளாலும் ஹப் பளபளக்கும் வரை தேய்த்து, டிஸ்க்கை ஒரு துளை தள்ளி வைத்துப் பொருத்தி, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் குறுக்கு வரிசையில் நட்டுகளை ஒரே சீராக இறுக்கினார். மீண்டும் கேஜ் வைத்தபோது முள் 0.03 காட்டியது. டிஸ்க் கோணவே இல்லை, கோணலாக உட்கார்ந்திருந்தது.

புதிய டிஸ்க் சில மாதம் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு நடுங்குவதன் மர்மமும் இதில்தான் இருக்கிறது. கோணலாக உட்கார்ந்த டிஸ்க், பிரேக் மிதிக்காதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடை உரசிச் செல்கிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடியதும் அந்த இடம் மட்டும் தேய்ந்து, டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுகிறது. மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு வித்தியாசமே கைக்கு நடுக்கமாக வந்து சேரப் போதுமானது. லேத்தில் கடைந்தால் தடிமன் சமமாகும். துருவேறிய ஹப் அப்படியே இருப்பதால் கதை முதலிலிருந்து தொடங்கும். ஏர் கன்னை வைத்து நட்டுகளை ஏற்றத்தாழ்வாக முறுக்கிவிடும் பஞ்சர் கடைகளும் சர்வீஸ் சென்டர்களும் இதே கோணலைக் கூட்டிவிடுகின்றன.

இரண்டாவது காரணம் நாம் நிறுத்தும் விதம். சீசனில் குன்னூர் வழியாக ஏற்றம், கோத்தகிரி வழியாக இறக்கம் என்று ஒருவழி ஆக்கும்போது, இறங்கி முடித்த கார்கள் எல்லாம் மேட்டுப்பாளையத்துக்கு முன் வரிசையில் தேங்கும். கொதிக்கும் டிஸ்க்கை அந்தச் சமயத்தில் பெடலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றால், பேடின் பொருள் அந்த ஒரே இடத்தில் அப்பிக்கொள்ளும். ஒருமுறை மாவு ஒட்டிய தோசைக்கல்லில் அடுத்த தோசையும் அங்கேயே ஒட்டுவதைப் போல, அந்தத் திட்டு ஒவ்வொரு மிதியிலும் மேலும் சூடேறி மேலும் பொருளை வாங்கும். சூடு எல்லை மீறினால் அதன் அடியில் இருக்கும் வார்ப்பிரும்பு சிமென்டைட் என்னும் மிகக் கடினமான வடிவத்துக்கு மாறிவிடும். அதன் பிறகு மேலோட்டமாகக் கடைவதில் பயனில்லை. ஆகவே இறக்கத்தின் கடைசி இரண்டு கிலோமீட்டரைப் பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டி டிஸ்க்கை ஆறவிட வேண்டும். நிற்க நேர்ந்தால் முன்காருக்கு இடைவெளி விட்டு நின்று, சமதளமாக இருந்தால் காலை எடுத்து ஓரடி நகரவிட்டு நகரவிட்டு நிற்க வேண்டும்.

புதிய பேடும் டிஸ்க்கும் போட்டதும் அவற்றைப் பழக்குவதும் இதனோடு சேர்ந்ததே. அன்னூர் சாலையில் அதிகாலையில், பின்னால் வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து, எண்பதிலிருந்து இருபது வரை எட்டு பத்து முறை உறுதியாகக் குறைத்து, ஒருமுறைகூட முழுமையாக நிற்காமல், பிறகு பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். பேடின் மெல்லிய படலம் டிஸ்க் முழுவதும் சமமாகப் படிவதற்கு வேறு வழியில்லை.

பிரேக் ஆயிலைப் பற்றிச் சுருக்கமாக. டாட் 4 என்னும் தரத்திலுள்ள ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155. ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரையைத் தொடும், எவ்வளவு பெரிய கேலிப்பரும் அப்போது உதவாது. நான் ஆண்டுதோறும் சீசனுக்கு முன் மாற்றுகிறேன்.

இனி, இந்தக் கிட்டின் மேல் எனக்குள்ள தீராத மனக்குறைக்கு வருகிறேன். ஸ்டெப்னி முன்சக்கரத்தில் ஏறாது. 17 அங்குல அலாய் வீல் புதிய கேலிப்பரைச் சுற்றித் தாராளமாகச் சுழல்கிறது. டிக்கியில் இருக்கும் 16 அங்குல இரும்புச் சக்கரம் கேலிப்பரில் முட்டி நிற்கிறது. விற்றவர் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மரப்பாலத்துக்கு மேலே ஒரு மழை மாலையில் முன்டயர் பஞ்சரானபோதுதான் எனக்கு இது தெரிந்தது. முன்னால் ஏறாத ஸ்டெப்னியைப் பின்னால் போட்டு, பின்சக்கரத்தை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு ஜாக்கியை இரண்டு முறை ஏற்றி இறக்க வேண்டும். பார்க்கிங் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும் என்பதால், பின்பக்கம் ஒன்றைத் தூக்கும்போது அதன் பாதிப் பிடி போய்விடுகிறது. முன்சக்கரம் ஒன்று தரையை விட்டுத் தூக்கப்பட்டால், கியரைப் பி-யில் (பார்க்) வைத்தாலும் பயனில்லை, இரு முன்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் வழியாக மற்ற முன்சக்கரம் உருளும். சரிவில், மழையில், லாரிகள் உரசிச் செல்லும் வளைவுக்குப் பக்கத்தில், சாலையோரக் கற்களைச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு அந்த வேலையைச் செய்து முடித்தேன். பாதுகாப்புக்காகவென்று வாங்கிய பொருள் ஒருவனை அந்த நிலையில் நிறுத்துவதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

குளிர்காலக் காலையில் முதல் இரண்டு மூன்று மிதிகளுக்குப் பேடு மந்தமாக இருக்கிறது, கிறீச்சிடுகிறது, அலாய் வீல் நான்கு நாளில் கறுத்துவிடுகிறது. இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். பந்தயத் திடலுக்கான பேடை மட்டும் ஊட்டிக் குளிருக்கு வாங்கவே கூடாது. சூடேறும் வரை அது பிடிக்காது.

ஆகவே நண்பருக்கு: விலை குறைந்திருந்தாலும் இந்தக் கிட்டை வாங்காதீர்கள். ஹப்பைச் சுத்தம் செய்து, டயல் கேஜ் வைத்து அளந்து, நல்ல சாலைப் பேடும் புதிய ஆயிலும் போட்டு, நட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் இறுக்கச் சொல்லுங்கள். கிட்டின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது, உங்கள் ஸ்டீயரிங் நடுக்கம் பெரும்பாலும் அதிலேயே போய்விடும். என்னுடையதைக் கழற்றி உங்களுக்குக் கொடுக்கும் எண்ணம் மட்டும் எனக்கு இல்லை. கல்லாற்றில் அந்தப் பெடல் நிற்கும் உயரத்தை விட்டுக்கொடுக்க என்னால் முடியாது. முன்னால் ஏறக்கூடிய 17 அங்குலச் சக்கரம் ஒன்றை ஸ்டெப்னிக்காகத் தேடிக்கொண்டிருக்கிறேன். டிக்கியின் பள்ளத்தில் அது அடங்குமா என்று அளந்து பார்த்த பிறகே பணம் கொடுப்பேன்.