எங்கள் ஊர்த் திரைப்படக் கழகத்தில் சேரலாமா? பழைய ஆபரேட்டர் சொல்கிறேன்

தாராளமாகச் சேரலாம். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் மாதம் இரண்டு சனிக்கிழமை படம் போடுகிறார்கள். ஆண்டுச் சந்தா 600 ரூபாய், மாணவர்களுக்கு 200. டிக்கெட் விற்பதில்லை, உறுப்பினர்களுக்கு மட்டும்தான் காட்சி. கூட ஒருவரை விருந்தினராக அழைத்துப் போகலாம்.

நான் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவன். புரொஜக்டர் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரித்து ஓட்டிய காலத்தில் கேபினுக்குள் போனேன், டிஜிட்டல் வந்தபோது வெளியே வந்தேன். 35 எம்.எம். பிலிமில் 2000 அடி ரீல் 22 நிமிடம் ஓடும். அது தீர்வதற்குள் அடுத்த புரொஜக்டர் தயாராக இருக்க வேண்டும். திரையின் வலது மேல் மூலையில் முதல் புள்ளி விழுந்ததும் மோட்டாரை ஓடவிட வேண்டும், இரண்டாவது புள்ளியில் மாற்ற வேண்டும். இப்படியே பழகிய கண் இன்றும் கதைக்கு முன்னால் திரையின் ஓரத்தைத்தான் பார்க்கும். போகஸ் சரியா, நடிகர் முகம் பக்கவாட்டில் இழுபடுகிறதா, தலை வெட்டுப்படுகிறதா என்று பார்த்த பிறகுதான் உட்கார முடியும். இந்தக் கழகத்தில் எனக்கு நிம்மதியாக உட்கார முடிகிறது.

சத்யஜித் ரேயின் வங்காளப் படம் 'பதேர் பாஞ்சாலி' போட்ட நாளைச் சொல்ல வேண்டும். 1955-இல் வந்த அந்தப் படம் கிட்டத்தட்டச் சதுரமான சட்டத்தில் எடுத்தது, அகலம் 1.37 என்றால் உயரம் 1. இன்றைக்கு டி.வி.யிலும் கல்லூரி விழாக்களிலும் அந்தக் காலத்துப் படங்களைப் பல நேரம் அகலத்துக்கு இழுத்துக் காட்டுகிறார்கள், அப்படிக் காட்டினால் இந்தப் படத்துச் சிறுமி துர்கா குண்டுப் பெண்ணாகத் தெரிவாள். இங்கே இரண்டு ஓரத்திலும் கறுப்பு விட்டு, உள்ள அளவிலேயே காட்டினார்கள். பக்கத்தில் இருந்த பையன், "அண்ணாச்சி, ஸ்கிரீன்ல பாதி எரியலியோ?" என்று கேட்டான். "அதுதான் தம்பி படத்தோட அளவே" என்றேன். செயலாளர் எழுந்து எல்லோருக்கும் கேட்கும்படி அதையே விளக்கினார். ரேயுடைய படங்களின் மூல நெகட்டிவ்கள் 1993-இல் லண்டனில் ஒரு லேபில் தீப்பிடித்துக் கருகியதையும், இத்தாலியில் போலோனா நகரத்து லேபில் அந்தக் கருகிய பிலிமை நனைத்து, ஒட்டியதைப் பிரித்து, கிழிந்த துளை ஓரங்களைக் கையால் சரிசெய்து ஸ்கேன் எடுத்ததையும் சொன்னார். தேறாத பகுதிகளை வேறு பிரதிகளிலிருந்து எடுத்துச் சேர்த்தார்களாம். 2015-இல் வெளியான அந்தப் புதுப் பிரதியைத்தான் பார்த்தோம். பிலிம் ஓரத்துத் துளை கிழிந்தால் என்ன பாடு என்று எனக்குத் தெரியும், எத்தனை இரவு பிளேடும் பிலிம் ஒட்டும் சிமெண்டும் வைத்து ஒட்டியிருக்கிறேன். குளத்து நீரில் பூச்சிகள் ஓடும் அந்தக் காட்சி அத்தனை துல்லியமாக வந்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

சந்தாவுக்குக் கிடைக்கும் அடுத்த நல்ல விஷயம், படத்துக்கு முன்னால் கொடுக்கும் ஒரு பக்கத் தமிழ்த் தாள். கதைச் சுருக்கம், பாத்திரங்களின் பெயர்கள், எந்த ஆண்டு, எந்த நாடு, எல்லாம் இருக்கும். முடிவை மட்டும் சொல்ல மாட்டார்கள். இங்கிலீஷ் சப்டைட்டிலை ஓடிப் பிடிக்க முடியாத என் போன்றவர்களுக்கு இது பெரிய உதவி. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூர்தர்ஷனில் விருதுப் படம் போடுவார்கள் அல்லவா? வங்காளப் படம், ஒரியா படம் என்று வரும். பார்க்க ஆசையாக இருக்கும், பாதி புரியாது. அப்போது யாராவது இப்படி ஒரு தாள் கொடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

படம் முடிந்ததும் கலந்துரையாடல். 'உதிரிப்பூக்கள்' போட்ட அன்று வண்ணார்பேட்டையிலிருந்து வரும் அக்கா ஒருவர் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' குறுநாவலைக் கையோடு கொண்டுவந்து, இயக்குநர் மகேந்திரன் அதில் எதை எடுத்துக்கொண்டார், எதை விட்டார் என்று பேசினார். நம்மூர்க்காரர் எழுத்து ஆயிற்றே, ஹாலில் ஒருவரும் எழுந்து போகவில்லை. முன்பு காஞ்சனை திரைப்பட இயக்கம் இதே ஊரில் படம் போட்டதை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்களும் வருகிறார்கள். அவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் நேரம் போவது தெரியாது.

மற்றச் சலுகைகள்: ஒரு அலமாரி நிறையச் சினிமாப் புத்தகங்கள், எடுத்துப் போய்ப் படிக்கலாம். டிசம்பரில் திருவனந்தபுரத்தில் கேரள சலச்சித்திர அகாடமி நடத்தும் திரைப்பட விழாவுக்குப் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ரயிலில் போவார்கள். ஆன்லைனில் பதிவு செய்யத் தெரியாதவர்களுக்குச் செயலாளரே செய்து கொடுக்கிறார், அறை வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். கோடை விடுமுறையில் மாணவர்களுக்குக் குறும்படப் பயிற்சி உண்டு.

குறைகளையும் சொல்கிறேன். ஹால் தரை சமதளம், நாற்காலியும் பிளாஸ்டிக். முன்னால் உயரமான ஆள் உட்கார்ந்தால் சப்டைட்டில் மறைந்துவிடும். திரையை ஒரு அடி உயர்த்திக் கட்டினால் போதும், நான் ஆள் வைத்துச் செய்து தருகிறேன் என்றுகூடச் சொல்லிவிட்டேன். ஒலி அதைவிட மோசம். வெறுஞ்சுவரில் பட்டு வசனம் எதிரொலிக்கிறது. மொழி புரியாத ஈரானியப் படத்தில் அது தெரியாது, தமிழ்ப் படம் என்றால் காது வலிக்கிறது. சுவரில் கனமான துணி தொங்கவிட்டாலே பாதி சரியாகும்.

எனக்குப் பெரிய வருத்தம் நேரம்தான். ஆறரை மணி என்று போட்டுவிட்டு ஏழுக்குத் தொடங்குகிறார்கள். படம் முடிய ஒன்பதைத் தாண்டும். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவியிலிருந்து வருகிறவர்கள் பஸ்ஸுக்குப் பயந்து கலந்துரையாடலுக்கு முன்பே கிளம்பிவிடுகிறார்கள், பெண்கள் முக்கியமாக. சந்தா எல்லோரும் ஒன்றுபோலத்தான் கட்டுகிறோம், அவர்களுக்கு அதில் பாதிதான் கிடைக்கிறது. ஐந்தரைக்குச் சரியாக விளக்கை அணைத்துவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை. தியேட்டரில் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் நேரத்துக்குப் படத்தை விடுவோம், ஜனங்களும் தானாகப் பழகிக்கொள்வார்கள். வருடாந்தரக் கூட்டத்தில் இதை எழுதியே கொடுத்திருக்கிறேன்.

சேர நினைப்பவர்கள் முதலில் ஒரு உறுப்பினரோடு விருந்தினராகப் போய்ப் பாருங்கள். சந்தா ஜூனில் தொடங்கி அடுத்த மே வரை. நடுவில் சேர்ந்தால் குறைக்க மாட்டார்கள், ஆகையால் ஜூனிலேயே கட்டிவிடுவது நல்லது. உட்கார மூன்றாவது வரிசையின் ஓர நாற்காலி பார்த்துக்கொள்ளுங்கள், அங்கிருந்து சப்டைட்டில் மறைக்காது.