ஹாம்ஸ்டரைத் தூக்க: கையா, பேணியா?

கல்லடியில் எங்கள் வீட்டுக்கு, எலி மாதிரியான சின்ன வளர்ப்புப் பிராணியான சிரிய ஹாம்ஸ்டர் வந்த முதல் வாரமே, மகள் மேலிருந்து கையை விட்டுப் பிடிக்கப் போய் விரலில் கடி வாங்கினாள். மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்து மாதிரி.

கையால் தூக்குவதென்றால், பக்கவாட்டில் கொண்டுபோய் இரண்டு உள்ளங்கைகளையும் குழித்து, வயிற்றையும் பின்பகுதியையும் சேர்த்துத் தாங்க வேண்டும். நெருக்கம் வளரும். ஆனால் முதலில் உங்கள் மணம் அதற்குப் பழகியிருக்க வேண்டும். மீன் வெட்டிய கையோடு போனால் விரலையும் தீன் என்று நினைத்துவிடும். சோப்பு போட்டுக் கழுவிவிட்டுப் போங்கள்.

பேணி, அதாவது டின் அல்லது குவளை, சுலபம். கூட்டுக்குள் சாய்த்து வைத்து, உள்ளே ஒரு சூரியகாந்தி விதை போட்டால் போதும். ஹாம்ஸ்டர் தானாக நுழைந்ததும் பேணியின் வாயைக் கையால் மறைத்துத் தூக்கலாம். கடிக்கிற ஹாம்ஸ்டருக்கு இதுதான் சரி. குறை என்னவென்றால், நம் கைக்கு அது பழகாது.

நான் முதலில் பேணி, அப்புறம் கை என்பேன். இரண்டுக்கும் தரையிலேயே உட்காருங்கள்: அதற்குப் பார்வை மோசம், உயரம் தெரியாமல் கையிலிருந்து குதித்துவிடும். நேரம், பொழுது பட்ட பிறகு. மட்டக்களப்பு வெக்கையில் பகல் தூக்கத்தைக் கலைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது?