வெயில் பட்ட பீரும் பழசாகிப்போன பீரும்
மலிவுக்கு ஆசைப்பட்டு நான் குடித்தவற்றுள் மிக மோசமானவை இரண்டு. முதலாவது, பச்சைப் பாட்டிலில் வெயிலில் கிடந்தது. மூடியைத் திறந்ததுமே கந்தக நெடி மூக்கில் ஏறியது. பீருக்குக் கசப்பூட்டச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள்கள் ஒளி பட்டுச் சிதைந்து, பீரிலுள்ள கந்தகச் சேர்மங்களுடன் வினைபுரிந்து, மிக நுண்ணிய அளவிலேயே நாறக்கூடிய தயோல் (கந்தகம் கொண்ட ஒருவகைச் சேர்மம்) ஒன்றை உருவாக்குவதே இதற்குக் காரணம். பழுப்புப் பாட்டிலாக இருந்திருந்தால் அந்த ஒளியைப் பெருமளவு தடுத்திருக்கும். மற்றொன்று, மாதக்கணக்கில் வெக்கையில் கிடந்த கேன். அதில் நாற்றமில்லை, ஆனால் நனைந்த அட்டையை மென்றாற்போன்ற சுவை. ஆக்சிஜனும் வெப்பமும் சேர்ந்து செய்த வேலை அது. ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டுமென்றால் முதலாவதையே எடுப்பேன்: நெடிக்கு மூக்கு சில மிடறுகளில் பழகிவிடுகிறது, அட்டைச் சுவையோ கடைசிச் சொட்டு வரை நாக்கை விடுவதில்லை.