எண்ணூர் கடலில் ‘மூழ்கிய கப்பல்’ என்று யாராவது அழைத்தால் பணம் அனுப்பாதீர்கள்

எனக்கு வீடு தண்டையார்பேட்டையில். சின்ன வயதிலிருந்து பார்க்கிற கடல்தான், ஆனால் அதற்குள் தலையை விட்டுப் பார்த்ததில்லை. போன மாதம் என் மச்சான் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரத்தை அனுப்பினான். ஸ்கூபா டைவிங், அதாவது காற்று சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் இறங்குவது; காசிமேட்டிலிருந்து போட்டில் முக்கால் மணி நேரம், 9 மீட்டர் ஆழத்தில் மூழ்கிய கப்பல், நீச்சல் தெரியாதவர்களும் வரலாம், தலைக்கு 5,500 ரூபாய். கூடவே ஒரு படம்: கண்ணாடி போன்ற நீலத் தண்ணீர், துருப்பிடித்த கப்பல் முனை, அதைச் சுற்றி மஞ்சள் மீன்கள். எண்ணூர் தண்ணீர் எந்தக் காலத்தில் நீலமாக இருந்தது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. முழுப் பணத்தையும் ஜிபேயில் அனுப்பிவிட்டோம்.

விளம்பரத்தில் பொருந்தி வந்த ஒரே விஷயம் ஆழம்தான். முதல் தடவை இறங்குபவர்களை 12 மீட்டருக்குள்தான் அழைத்துப் போவார்கள். அடிப்படைப் பயிற்சி முடித்தவர்களுக்கே 18 மீட்டர்தான் எல்லை. அதனால் ஆழம் குறைவான இடத்தில் கிடக்கிற கப்பல் புதியவர்களுக்கு நல்ல இடம்தான். வெளியே சுற்றிப் பார்க்கலாம், உள்ளே நுழையத் தனிப் பயிற்சி வேண்டும். இதெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. போட்டில் யாரும் சொல்லவில்லை.

அவர்கள் கேட்காமல் விட்டதைத்தான் நான் முதலில் கவனித்திருக்க வேண்டும். ஆஸ்துமா இருக்கிறதா, காதில் ஆபரேஷன் ஏதாவது செய்ததா, மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று ஒரு படிவம்கூடக் கிடையாது. நீச்சல் குளத்தில் அரை மணி நேரப் பழக்கமும் இல்லை. நாங்கள் ஏழு பேர், வழிகாட்டி ஒருவர். கடலில் ஒரு வழிகாட்டிக்கு நான்கு பேருக்கு மேல் சேர்க்கக் கூடாதாம். சான்றிதழ் கேட்டதற்கு “பாடி சார்” என்றார், ஸ்கூபா பயிற்சிச் சான்றிதழ் தரும் PADI நிறுவனத்தைச் சொன்னார். மச்சான் என் காதில், “கொரட்டூர் பக்கத்துல இருக்கிற பாடியா மாமா?” என்றான். சிரித்துவிட்டு விட்டுவிட்டோம். உண்மையான பாடி பயிற்சியாளர் என்றால் அவருக்கு ஓர் எண் இருக்கும், அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். இரண்டு நிமிட வேலை.

என் சிலிண்டரில் காற்றழுத்தம் காட்டும் மானியில் 130 பார் என்று இருந்தது (பார் என்பது அழுத்தத்தின் அளவு). நிரப்பிய சிலிண்டர் என்றால் 200 பார் பக்கம் இருக்கும், 50 மிச்சம் இருக்கும்போதே மேலே வந்துவிட வேண்டும். கேட்டதற்கு, “ஆக்சிஜன் தாராளமா இருக்கு சார்” என்றார். அதில் இருப்பது நாம் இழுக்கிற இதே காற்றுதான், அழுத்தி அடைத்தது. தொழில் தெரிந்தவர் அதை ஆக்சிஜன் என்று சொல்ல மாட்டார்.

மழை விட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கொசஸ்தலையாறு கொண்டுவந்து கொட்டியதெல்லாம் கடலில் அப்படியே இருந்தது. கயிற்றைப் பிடித்து இறங்கினால் டீ நிறத்தில் கலங்கல், நீட்டிய கை தெரியவில்லை. நாலு மீட்டர் இருக்கும், காதில் ஊசி குத்துவது போல வலித்தது. அப்படி வலித்தால் அங்கேயே நிற்க வேண்டும், கொஞ்சம் மேலே ஏறி, மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதி அடைப்பை எடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். வழிகாட்டியோ என் ஜாக்கெட்டைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

அடியில் கப்பலைக் காணோம். பாசி பிடித்த சிமெண்ட் உருளைகள், அவற்றில் சிக்கிய பழைய நைலான் வலை. அந்த வலை மச்சானின் காலில் மாட்டியது. அவன் உதறி விடுவித்துக்கொண்டு, பயத்தில் மூச்சை அடக்கியபடி நேராக மேலே பாய்ந்துவிட்டான். 10 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே இழுத்த மூச்சை விடாமல் மேலே வந்தால் அந்தக் காற்று நெஞ்சுக்குள் இரண்டு மடங்காக விரியும், நுரையீரலே கிழிந்துவிடலாம். ‘மூச்சை அடக்காதே’ என்பதுதான் முதல் பாடமாம். எங்களுக்கு அந்த ஒரு வரியைக்கூடச் சொல்லவில்லை. பாதி வழியில் அவன் கத்தியதால் காற்று வெளியே போயிருக்கிறது. பிழைத்தான்.

கரைக்கு வந்ததும் காசிமேட்டில் தெரிந்த ஓர் அண்ணனிடம் இடத்தைச் சொன்னேன். “அங்க ஏது தம்பி கப்பலு? மீன் சேரட்டும்னு போட்ட சிமெண்ட் உருளை அது. வலை மாட்டும்னு நாங்களே சுத்திக்கினு போவோம்” என்றார். மீன் பெருகுவதற்காகக் கடலடியில் செயற்கைப் பார், அதாவது மீன் தங்கும் திட்டு போடுவது நம் கடற்கரை முழுக்க நடக்கிறது. அதைக் கப்பல் என்று விற்றிருக்கிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “கடல் கலங்கலா இருந்தா நாங்க என்ன சார் பண்ண முடியும்?” என்றார்கள். சரி, கலங்கலுக்கு நீங்கள் பொறுப்பில்லை. கப்பல் எங்கே? அதற்குப் பதில் இல்லை, என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். காது மருத்துவருக்கும் மருந்துக்கும் 1,800 ரூபாய் ஆனது, செவிப்பறையில் ரத்தக்கட்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். மற்ற ஐந்து பேரில் இருவர் சேர்ந்துகொள்ள ஒப்புக்கொண்டார்கள். உங்களுக்கும் அந்த மஞ்சள் மீன் படம் வந்து, பணமும் கட்டியிருந்தால், ஜிபே ரசீதை அழிக்காமல் எனக்குத் தகவல் அனுப்புங்கள்.