ஓடுகிற ஃப்ளோவைத் திருத்துவது: பவர் ஆட்டோமேட், ஸேப்பியர், மேக், என்8என்

லோ-கோட் கருவி (அதிகம் நிரல் எழுதாமலே அலுவலக வேலைகளைத் தானாக ஓடவைக்கும் கருவி; தலைப்பில் உள்ள நான்கும் அந்த வகை) வாங்கும்போது எல்லோரும் டெமோவைத்தான் பார்க்கிறார்கள். காலித் திரையில் ஒரு ட்ரிகர் (வேலையைத் தொடங்கிவைக்கும் நிகழ்வு), மூன்று ஆக்‌ஷன் போட்டு, சில நிமிடங்களில் மெயில் போய்ச் சேருவதைக் காட்டுவார்கள். அது எந்தக் கருவியிலும் நன்றாகவே நடக்கும். ஆறு மாதம் கழித்து, அலுவலகமே நம்பியிருக்கும் ஃப்ளோவில் (இப்படிக் கோத்த ஸ்டெப்களின் வரிசையில்) கை வைக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். என்னைக் கேட்டால், திருத்துவது எவ்வளவு பத்திரமானது என்பதை வைத்தே கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரு சாதாரண உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். சப்ளையர் பில் மெயிலில் வருகிறது. 50,000 ரூபாய் வரை பிரிவு மேலாளர் ஒப்புதல் கொடுத்தால் போதும்; அதற்கு மேல் போனால் நிதித் தலைவரும் பார்க்க வேண்டும். இப்போது நிர்வாகம் அந்த வரம்பை 75,000 ஆக்கச் சொல்கிறது, நடுவில் ஜிஎஸ்டி எண்ணைச் சரிபார்க்கும் ஸ்டெப் ஒன்றையும் கேட்கிறது. பில்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எதையும் நிறுத்த முடியாது.

சேவ் அழுத்தினால் என்ன ஆகும்?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இதில் ஸேப்பியர் தெளிவாக முன்னால் நிற்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஃப்ளோவை (அங்கே அதற்கு ஸாப் என்று பெயர்) திறந்து மாற்ற ஆரம்பித்தால், அது தனி டிராஃப்டாகிவிடும். பழையது அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பப்ளிஷ் அழுத்தும் வரை உங்கள் மாற்றம் ஒரு பில்லையும் தொடாது. பாதியில் விட்டுவிட்டு மறுநாள் வந்து தொடரலாம். பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதியும் உண்டு, ஆனால் அதற்குக் கட்டணத் திட்டம் வேண்டும்.

பவர் ஆட்டோமேட்டில் ஒரே கேள்விக்கு இரண்டு பதில். 2016-ல் மைக்ரோசாஃப்ட் ஃப்ளோ என்று வந்து 2019-ல் இந்தப் பெயருக்கு மாறிய கருவி இது. பலர் செய்வதுபோல ‘மை ஃப்ளோஸ்’ பக்கத்தில் நேராக உருவாக்கிய ஃப்ளோ சொல்யூஷனுக்கு (ஃப்ளோக்களைச் சேர்த்து வைக்கும் பொதி) வெளியே இருந்தால், சேவ் அழுத்திய கணமே அது நேரலை. முந்தைய பதிப்பு என்று ஒன்று கிடையாது. அதே ஃப்ளோ ஒரு சொல்யூஷனுக்குள் இருந்தால், புதிய டிசைனரில் (ஃப்ளோவை வடிவமைக்கும் திரை) டிராஃப்டாகச் சேமிக்கலாம், தயாரானதும் பப்ளிஷ் செய்யலாம், பழைய பதிப்பை மீட்கலாம். வெளியே இருக்கும் ஃப்ளோவைப் பிறகு சொல்யூஷனுக்குள் சேர்க்கவும் வழி இருக்கிறது. முக்கியமான ஒப்புதல் எதுவும் சொல்யூஷனுக்கு வெளியே ஓடக் கூடாது என்று நான் அழுத்தமாகவே சொல்வேன். அந்த ஒரு வேலையைச் செய்யாததால் கருவியே மோசம் என்று ஒதுக்கிய அலுவலகங்களும் உண்டு.

மேக், 2022 வரை இன்டெக்ரோமேட் என்ற பெயரில் இருந்த செக் நாட்டுக் கருவி. கண்ணுக்கு இதுதான் அழகு: வட்டங்களுக்கு இடையே தகவல் ஓடுவதையே பார்க்கலாம். ஆனால் சேவ் செய்தால் சினாரியோ (மேக்கில் ஃப்ளோவுக்கு இந்தப் பெயர்) அடுத்த முறை ஓடும்போது புதிய வடிவில்தான் ஓடும். பழைய பதிப்புகளை 60 நாள் வரை மீட்கலாம் என்பது ஆறுதல். இருந்தாலும், தவறு நடந்த பிறகு திரும்புவதும் தவறு நடக்காமல் தள்ளி வைப்பதும் ஒன்றல்ல. பெரிய மாற்றமானால் சினாரியோவை நகல் எடுத்து, நகலில் செய்து பார்த்துவிட்டு, அதை ப்ளூபிரின்ட்டாக (சினாரியோவின் வடிவம் அடங்கிய கோப்பு) இறக்கி அசலில் ஏற்றுவது நல்லது.

பெர்லினில் பிறந்த என்8என் முன்பு மேக் போலவேதான் இருந்தது. 2.0 பதிப்பிலிருந்து சேவ் வேறு, பப்ளிஷ் வேறு. ரொம்ப நாளாகத் தேவைப்பட்ட மாற்றம்.

பாதியில் நிற்கும் பில்கள்

இதைப் பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. பவர் ஆட்டோமேட்டில் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் ஒரு ரன் (ஃப்ளோவின் ஒரு முறை ஓட்டம்), தான் தொடங்கியபோது இருந்த வடிவத்திலேயே முடியும். அதாவது திங்கட்கிழமை வரம்பை 75,000 ஆக்கினாலும், வெள்ளிக்கிழமை தொடங்கி மேலாளர் மேசையில் கிடக்கும் 60,000 ரூபாய் பில், ஒப்புதல் கிடைத்ததும் பழைய விதிப்படி நிதித் தலைவருக்குத்தான் போகும். ஒரு ரன் அதிகபட்சம் 30 நாள் உயிரோடு இருக்கலாம். ஆக, ஒரு மாதம் வரை இரண்டு விதிகளும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். இதைக் கணக்குப் பிரிவுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. வரம்புத் தொகையை கண்டிஷனுக்குள் எண்ணாக எழுதாமல், ஷேர்பாயின்ட் லிஸ்டில் (மைக்ரோசாஃப்ட்டின் இணையப் பட்டியல்) ஒரு வரியாக வைத்துவிடுங்கள். மேலாளர் ஒப்புதல் வந்த பிறகு ஃப்ளோ அந்த வரியைப் படிக்கட்டும். அப்புறம் வரம்பு மாறினால் ஃப்ளோவைத் திறக்கவே வேண்டாம், காத்திருக்கும் பில்களுக்கும் புது வரம்பே பொருந்தும். மற்ற மூன்று கருவிகளிலும் கூகுள் ஷீட்டை வைத்து இதையே செய்யலாம்.

தோற்றுப்போன ரன்களை மறுபடி ஓட்டுவதில் என்8என்னுக்குத்தான் என் முதல் மதிப்பெண். இப்போது சேமித்திருக்கும் வடிவத்தில் ஓட்டவா, தோற்றபோது இருந்த வடிவத்தில் ஓட்டவா என்று நேராகக் கேட்கும்.

ஒரு ஸ்டெப்பைத் தொட்டால் எத்தனை உடையும்?

ஜிஎஸ்டி ஸ்டெப்பை நடுவில் நுழைக்கும்போது, பின்னால் வரும் ஸ்டெப்கள் முன்னவற்றை எப்படிச் சுட்டுகின்றன என்பது முக்கியம். பவர் ஆட்டோமேட் ஆக்‌ஷனின் பெயரைக் கொண்டே சுட்டுகிறது. எக்ஸ்பிரஷனுக்குள் (தகவலை எடுக்க எழுதும் சூத்திரம்) அந்தப் பெயர் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதனால் ‘கம்போஸ் 2’, ‘கம்போஸ் 3’ என்று தானாக வரும் பெயர்களை விட்டுவைக்காமல், ஆக்‌ஷனைச் சேர்த்த உடனேயே பெயர் வைத்துவிடுங்கள். மேக் மாட்யூலின் (அங்கே ஸ்டெப்புக்கு இந்தப் பெயர்) எண்ணைக் கொண்டு சுட்டுகிறது. பெயரை எப்படி மாற்றினாலும் கவலையில்லை, ஆனால் ஒரு மாட்யூலை அழித்துவிட்டு அதே வகையைத் திரும்பப் போட்டால் எண் புதிது, மேப்பிங் (ஸ்டெப்களுக்கு இடையிலான தகவல் இணைப்பு) எல்லாம் அறுந்துவிடும். ஸேப்பியரிலும் ஸ்டெப்பை அழித்தால் அதே கதைதான். என்8என்னில் பெயரை மாற்றினால் எக்ஸ்பிரஷன்களும் கூடவே மாறிக்கொள்ளும்.

பவர் ஆட்டோமேட்டுக்கென்றே ஒரு தனித் தொல்லை உண்டு. பட்டியலாக வரும் தகவலிலிருந்து ஒரு புலத்தைத் தேர்ந்தெடுத்தால், அந்த ஆக்‌ஷனைச் சுற்றி ‘அப்ளை டு ஈச்’ லூப் தானாக முளைக்கும். உருவாக்கும்போது உதவிதான். திருத்தும்போது அது கவனிக்காமல் நுழைந்துவிட்டால் ஒரு பில்லுக்கு ஒரு ஒப்புதல் மெயிலுக்குப் பதில், இணைப்புக் கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு மெயில் போகும். பப்ளிஷ் அழுத்துமுன் ஃப்ளோவின் முழு உருவத்தையும் மேலிருந்து கீழ் வரை ஒரு முறை பாருங்கள்.

பார்ப்பதற்குப் புதிய டிசைனர் வசதி: ஜூம் செய்யலாம், சின்ன வரைபடம் உண்டு. ஆனால் பழைய கிளாசிக் டிசைனரில் பல ஆக்‌ஷன்களை ஒரே நேரத்தில் விரித்து வைத்து ஒப்பிட முடியும். புதியதில் ஓரப் பலகையில் ஒன்றிரண்டை மட்டுமே திறந்து பார்க்க முடிகிறது, நீளமான கண்டிஷன்களைச் சரிபார்க்கும்போது இது கையைக் கட்டிப்போடுகிறது. இருந்தும் டிராஃப்டும் பதிப்புகளும் புதியதில்தான் இருக்கின்றன என்பதால் அங்கேயே பழகிக்கொள்வதுதான் சரி.

சோதனை

இங்கே என்8என் மற்றவற்றை வெகுதூரம் பின்தள்ளுகிறது. பழைய ரன் ஒன்றின் தகவலை எடிட்டருக்குள் கொண்டுவந்து, அதை ‘பின்’ செய்து (மாறாமல் குத்தி) வைத்து, ஒரு நோடை (ஸ்டெப்பை) மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டலாம். பின் செய்த தகவல் நேரலை ஓட்டத்தில் பயன்படாது என்பதால் பயமில்லை. மேக்கில் ஒரு மாட்யூலை மட்டும் ஓட்டலாம். சோதனை ஓட்டமும் உங்கள் திட்டத்தின் பயன்பாட்டுக் கணக்கில் கழியும். பவர் ஆட்டோமேட்டில் பழைய ட்ரிகர் தகவலை வைத்து முழு ஃப்ளோவையும் ஓட்டிப் பார்ப்பதுதான் வழக்கம், அப்போது நிஜ மெயில் நிஜ நிதித் தலைவருக்கே போகும். பெறுநர் முகவரியையும் அந்த ஷேர்பாயின்ட் லிஸ்டிலேயே வைத்திருந்தால், சோதனைக்கு முன் உங்கள் முகவரியைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்த நேரத்தில் நிஜ பில் ஏதாவது வந்தால் அதுவும் உங்களிடம்தான் வரும். ஆகவே அலுவலக நேரத்துக்கு வெளியே செய்யுங்கள்.

யாருக்கு எது?

தொழில்நுட்ப ஆள் இல்லாத சிறிய நிறுவனத்துக்கு ஸேப்பியர். விலை உறுத்தும், ஆனால் தெரியாத்தனமாக எதையும் உடைக்க விடாது. ஜேசான் (நிரல்கள் தகவலை எழுதும் ஒரு வடிவம்) படிக்கத் தெரிந்த ஒருவராவது இருந்தால் என்8என், அதுவும் சொந்த சர்வரில் வைத்துக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்ட் 365 ஏற்கெனவே இருக்கும் அலுவலகத்தில், டீம்ஸிலேயே வந்து நிற்கும் ஒப்புதலுக்காகவே பவர் ஆட்டோமேட்டை எடுக்கலாம். கிளைகள் நிறைய பிரியும் வேலையை ஒருவரே பார்த்துக்கொள்கிறார் என்றால் மேக்.

பவர் ஆட்டோமேட்டை எடுப்பவர்கள், திருத்த உட்காருமுன் கனெக்‌ஷன்கள் (ஃப்ளோ மெயில் போன்ற சேவைகளுக்குள் நுழையும் கணக்கு இணைப்புகள்) யார் பெயரில் இருக்கின்றன என்று பாருங்கள். இணை உரிமையாளராக நீங்கள் ஃப்ளோவை எவ்வளவு மாற்றினாலும், முதலில் உருவாக்கியவரின் கணக்கு வழியாகவே மெயில் போய்க்கொண்டிருக்கலாம். அவர் வேலையை விட்டுப் போய்க் கணக்கு மூடப்பட்டால் நீங்கள் திருத்தியதும் சேர்ந்தே நின்றுவிடும். கனெக்‌ஷனைத் துறைக்கென வைத்திருக்கும் பொதுக் கணக்குக்கு முதலில் மாற்றுங்கள், வரம்பை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.