எங்கள் ஊரில் எக்கோ என்றால் வேறு

அண்ணன் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். படத்தின் பெயர் ‘எர்த் டு எக்கோ’ என்று சொன்னதும், “எக்கோவைப் போய் எதுக்கும்மா படம் எடுத்தான்?” என்று கேட்டார். ராமேசுவரம் தீவில் இருக்கும் எங்கள் தங்கச்சிமடத்தில் எக்கோ என்றால் படகில் இருக்கும் எக்கோ சவுண்டர்தான். ஒலியைக் கீழே அனுப்பி, அது கடலடியில் பட்டுத் திரும்பி வருகிற நேரத்தை வைத்து, ஆழம் எவ்வளவு, மீன் கூட்டம் எங்கே என்று திரையில் காட்டுகிற பெட்டி. படம் பார்த்து முடித்த பிறகு அந்தப் பெட்டியின் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது. அதிலாவது அடியில் ஏதாவது இருந்தால் தெரிந்துவிடும்.

மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் விசைப்படகுகள் எல்லாம் கரையில்தான். பிள்ளைகளுக்கும் விடுமுறை. பக்கத்து வீட்டுத் தம்பியிடம் புரொஜெக்டரை இரவல் வாங்கி, மொட்டை மாடியில் அண்ணனின் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினோம். கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்ததால் கீழ் மூலைகளில் கல்லைக் கட்டித் தொங்கவிட வேண்டியிருந்தது. அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேர், நான், பாயில் கால் நீட்டி அப்பத்தா.

2014இல் வந்த படம். இயக்கியவர் டேவ் கிரீன். அமெரிக்காவின் நெவாடாவில் ஒரு குடியிருப்பு. நெடுஞ்சாலை போட வேண்டும் என்று அங்கிருக்கும் எல்லோரையும் காலி செய்யச் சொல்லிவிடுகிறார்கள். மூன்று சிநேகிதர்கள் பிரியப்போகிறார்கள். அந்த நேரத்தில் செல்போன்களின் திரையில் ஏதோ கிறுக்கல் வருகிறது. அது ஒரு வரைபடம் என்று கண்டுபிடித்து, கடைசி ராத்திரி வீட்டில் பொய் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலைவனத்துக்குப் போகிறார்கள். போன் விஷயத்தில் என் மருமகன் கொஞ்சமும் அசரவில்லை. தனுஷ்கோடிப் பக்கம் போனால் நம் போனே இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டு, வெளிநாட்டுக்கு நல்வரவு என்று சொல்கிறதே!

பாலைவனத்தில் கிடைப்பதுதான் எக்கோ, வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த குட்டி ஜீவன். உள்ளங்கையில் உட்காரும் இரும்பு ஆந்தைக் குஞ்சு மாதிரி, நீலக் கண்ணோடு இருக்கிறது. ஆமாம் என்றால் ஒரு பீப், இல்லை என்றால் இரண்டு பீப். பார்க்க அழகுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் பாத்திரமும் அந்த இரண்டு பீப்போடு முடிந்துவிடுகிறது. அதற்கு எதன் மேல் ஆசை, எதற்குப் பயம், இந்தப் பிள்ளைகளைப் பற்றி என்ன நினைக்கிறது, ஒன்றும் தெரிவதில்லை. ஊர் ஊராகச் சுற்றி அதற்கு உதிரிபாகம் பொறுக்கிக் கொடுக்கிறார்கள். மெக்கானிக் கடைக்கு ஸ்பேர் வாங்க அனுப்பிய பையன்கள் மாதிரி இருந்தது எனக்கு.

பிள்ளைகளுக்கு ஆங்கிலம் அவ்வளவு ஓடாது. அதனால் நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். முதல் கால் மணி நேரம் வாய் ஓயாத வேலை. அப்புறம் பார்த்தால் “ஓடு”, “அது என்ன?”, “இங்கே பார்”, “சீக்கிரம்”. இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். “அத்தை, நீங்க சொல்ல வேண்டாம், எங்களுக்கே புரியுது” என்று மருமகன் எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டான்.

படம் முழுவதும் அந்தப் பையன்களே எடுத்த வீடியோ என்று பாவனை. கையில் கேமரா, சைக்கிளில் கேமரா, மூக்குக் கண்ணாடிக்குள் ஒளித்த கேமரா. ஆட்டம் என்றால் அப்படி ஒரு ஆட்டம். ஏற்கெனவே எங்கள் திரை கச்சானில் ஆடிக்கொண்டிருந்தது. வல்லத்தில் ஏறினால் ஒரு நாளும் வாந்தி எடுக்காத என் சின்ன மருமகள் மொட்டை மாடியில் உட்கார்ந்தபடி வாந்தி எடுத்தாள். எலுமிச்சம்பழம் தேடிக் கீழே ஓடியதில் எனக்குப் பத்து நிமிடப் படம் போயிற்று. திரும்பி வந்து பார்த்தால் விட்ட இடத்திலேயேதான் இருந்தார்கள்.

ஒரே ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். எதிரே பாய்ந்து வரும் பெரிய லாரியை எக்கோ அந்தரத்திலேயே துண்டு துண்டாகப் பிரித்து, இவர்களைத் தாண்டியதும் மறுபடி கோத்து விட்டுவிடுகிறது. அண்ணனே எழுந்து நின்று பார்த்தார். பிள்ளைகள் மூன்று முறை திருப்பிப் போடச் சொன்னார்கள்.

அப்பத்தா நடுவில் கேட்டதுதான் எனக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. “ஏ தாயி, வீட்டை இடிக்கப் போறாகன்னாகளே, அது என்னாச்சு?”

1964 டிசம்பர் 22 ராத்திரி, தனுஷ்கோடியைக் கடல் எடுத்துக்கொண்டபோது அப்பத்தாவுக்குப் பதினோரு வயது. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் பாம்பனில் அத்தை வீட்டுக்கு வந்திருக்கிறார். வரும்போது தோழியின் மரச் சொப்பை விளையாட இரவல் வாங்கி வந்திருந்தார். திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை. அந்த ஊரில் இனி யாரும் குடியிருக்க முடியாது என்று அரசாங்கமும் சொல்லிவிட்டது. அந்தச் சொப்பைப் பற்றி அப்பத்தா பேச ஆரம்பித்தால் ஒன்றரை மணி நேரம் போதாது.

படத்தில் ஒரு குடியிருப்பே காலியாகிறது. ஆனால் ஒரு பையனாவது எதையாவது கையில் எடுத்து, இதை என்ன செய்வது என்று முழிப்பதாக எனக்கு ஞாபகம் இல்லை. அதிலும் அலெக்ஸ் என்கிற பையன், பெற்றவர்களிடம் இல்லாமல் வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கிறவன். அவனுக்கு இது எத்தனையாவது வீடு, எத்தனையாவது மூட்டை கட்டல்? இதைவிட நல்ல நூல் ஒரு கதைக்குக் கிடைக்குமா! பிடித்து இழுக்காமலே விட்டுவிட்டார்கள். கடைசியில் சாலை என்பதே சாக்கு, தோண்ட வந்தவர்கள் விண்கலத்தைத் தேடுகிறார்கள் என்று ஒரு முடிச்சு அவிழ்கிறது. முடிச்சு சரிதான். வீடுகளுக்கு அடியிலிருந்து துண்டு துண்டாகக் கிளம்பி விண்கலம் வானத்தில் ஒன்று சேர்வதும் கண்ணுக்கு விருந்துதான். ஆனால் பிரிவுக்காக எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. நான் சீரியலுக்கே அழுகிறவள்.

வேற்றுக்கிரகக் கதை என்றதும் ஞாபகம் வருகிறது, 1967இல் வங்காள இயக்குநர் சத்யஜித் ராய் ஒரு திரைக்கதை எழுதினார். வங்காளக் கிராமத்துக் குளத்தில் விண்கலம் ஒன்று இறங்கும். தண்ணீருக்கு மேல் தெரியும் அதன் கூம்பைப் பார்த்து, புதைந்த கோயில் வெளியே வருகிறது என்று ஊர் கும்பிட ஆரம்பித்துவிடும். அது படமாக வரவே இல்லை. ஆனால் அந்த ஒற்றைக் குளத்தில் ஒரு ஊரே தெரிகிறது. இந்த நெவாடாக் குடியிருப்பில் யார் இருந்தார்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

வீட்டில் எட்டு, பத்து வயதில் பிள்ளைகள் இருந்து, மழை பெய்து, வேறு எதுவும் கிடைக்கவில்லை என்றால் போடுங்கள். லாரிக் காட்சியின்போது நீங்களும் வந்து உட்காரலாம். திரையை விட்டுத் தள்ளி உட்காருங்கள். எலுமிச்சம்பழத்தை முன்னாலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேட்டியை அவிழ்த்து மடிக்கும்போது பிள்ளைகள் தூங்கவில்லை. அப்பத்தா பாயில் போய் ஒட்டிக்கொண்டு, அந்தச் சொப்பில் என்னென்ன இருந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.